ஈரலுக்குள் வளர்ந்த தோல்

என் பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்த அன்றே மாமாவும் வந்து சேர்ந்தார். இனி வாட்டில் நோயாளர்களைப் பார்க்கும் வேலை வேண்டாம், நோயியல் படிக்கப் போகிறேன் என்று நீ எழுதியிருந்ததை நான் வாசித்துக் காட்டினேன். அவருக்கு முகம் தொங்கிவிட்டது. இத்தனை வருடம் படித்த பிள்ளை, நாடி பிடித்து நாலு பேரைச் சுகப்படுத்தாமல், செத்தவர்களை அறுத்துக்கொண்டும் கண்ணாடித் தட்டுகளைப் பார்த்துக்கொண்டும் இருக்கப் போகிறாளா என்று கேட்டார். கலியாணம் பேசி வருகிறவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்றும் கவலைப்பட்டார். அம்மா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். அவர் போன பிறகு என்னிடம், "நான் எழுதினா ரெண்டு வரியிலை முடிஞ்சிடும். நீங்கள் இருந்து ஆறுதலா, அவசரப்படாமல் எழுதுங்கோ. எல்லாத்தையும் எழுதுங்கோ," என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம் நீளப் போகிறது. உன் முடிவில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது ஏன் என்பதற்குத்தான் மிச்சம் எல்லாம்.

சின்ன வயதில் உன்னை இணுவிலில் பெரியம்மா வீட்டில் விட்டது உனக்கு நினைவிருக்கும். கோயில் வீதியில் பெரியம்மாவின் பிள்ளைகளோடு ஓடித் திரிந்ததைப் பற்றி நீ அடிக்கடி கதைப்பாய். அம்மாவின் வயிற்றில் குறுக்கே இருக்கும் தழும்பும் உனக்குத் தெரியும். ஈரலில் ஏதோ கட்டி, வெட்டி எடுத்தார்கள் என்பதுவரை நாங்கள் சொல்லியிருக்கிறோம். அந்தக் கட்டி என்னவென்று கண்டுபிடிக்க ஒரு மனிசி பட்ட பாட்டை உனக்குச் சொன்னதில்லை. நீ டொக்டராகிவிட்டாய், இனிச் சொல்லலாம்.

அம்மா அப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்துக்கொண்டிருந்தாள். குனிந்து தைக்கும்போது நெஞ்சுக்குக் கீழே ஏதோ இடிக்கிறது என்று முதலில் சொன்னாள். பிறகு இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிட்டது என்று கோப்பையைத் தள்ளத் தொடங்கினாள். பின்னேரங்களில் உடம்பு காய்ந்தது. நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரியார் மூலிகைக் குடிநீர் கொடுத்துப் பார்த்தார். சட்டைகள் எல்லாம் தொளதொளத்துப்போய், அவளே அவற்றைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தாள். நான் வாழைக்குலைகளை லொறிக்கு ஏற்றிவிட்டு வந்த ஒரு காலையில், அவள் சேலையைச் சற்று விலக்கி என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். நடு வயிற்றின் மேற்புறம், விலா எலும்புகள் பிரியும் இடத்தில், கல்லுப்போல ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. அன்றே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஈரலில் சீழ் கட்டியிருக்கிறது என்றார்கள். எங்கள் பக்கத்தில் அது கண்டறியாத வருத்தம் அல்ல, பலருக்கு வரும் நோய்தான். ஊசி மருந்து ஏற்றினார்கள். ஆனால் காய்ச்சல் விடவில்லை, கட்டியும் குறையவில்லை. சீழை இழுத்தெடுக்க நீள ஊசி குத்திப் பார்த்தபோது வெறும் இரத்தம்தான் வந்தது. சத்திரசிகிச்சை செய்யும் பெரிய டொக்டர் வயிற்றைத் திறந்து பார்க்க முடிவு செய்தார். அவர் அதிகம் கதைக்கமாட்டார், ஆனால் கை நிதானமானது என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பெயர். திறந்து பார்த்தபோது சீழ் இல்லை. ஈரலின் இடது பக்கத்துக்குள் திரட்சியாக ஒரு கட்டி இருந்தது. அதில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு வயிற்றைத் தைத்து மூடினார்.

தையல் காய்ந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அம்மா விடவில்லை. என்ன சொல்வதென்றாலும் தனக்கும் சேர்த்துச் சொல்லச் சொல்லிக் கட்டிலிலேயே எழுந்து உட்கார்ந்தாள். அவர் அவளை ஒருதரம் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார். இது புற்றுநோய் என்றே தான் நினைப்பதாகவும், ஈரலில் இப்படிக் கட்டி இருந்தால் பெரும்பாலும் வேறெங்கோ தொடங்கி அங்கே பரவியதாகத்தான் இருக்கும் என்றும், பரவியதை வெட்டி எடுப்பதில் பயனில்லை என்றும் சொன்னார். சோதனை முடிவு வரட்டும், ஆனால் நம்பிக்கையை அதில் வைக்காதீர்கள் என்றார். அம்மா நன்றி சொன்னாள். அவர் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

சோதனை முடிவு வரவில்லை. கேட்டால் இன்னும் வரவில்லை என்றே சொன்னார்கள். பொறுக்கமாட்டாமல் நானே தேடிப் போனேன். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சவச்சாலைக்குப் பக்கத்தில், ஒடுக்கமான ஒரு அறை. உள்ளே மூக்கை அரிக்கும் மருந்து மணம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தடித்த கண்ணாடி போட்ட சின்ன உருவம் ஒன்று நுணுக்குக்காட்டியின் மேல் குனிந்திருந்தது. அவர்தான் டொக்டர் திலகவதி. நான் அம்மாவின் பெயரைச் சொல்லி, ஏன் இன்னும் முடிவு எழுதவில்லை என்று கொஞ்சம் உரத்தே கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தினார்.

"எனக்குத் தெரியேல்லை. அதுதான் எழுதேல்லை," என்றார்.

ஒரு டொக்டரின் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஆனால் அவர் அந்தச் சொல்லோடு கதவை மூடிவிடவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னார். எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார். அது ஈரலின் சொந்த உயிர்க்கலங்களில் எழுந்த புற்று அல்ல என்பது தெரிகிறது. குடலிலோ இரைப்பையிலோ இருந்து பரவியதுபோல முதற் பார்வைக்குத் தெரிகிறது. ஆனால் கூர்ந்து பார்த்தால் அதுவும் சரியாகப் பொருந்தவில்லை. இன்னும் சில சாயங்கள் போட்டுப் பார்க்க வேண்டும், அவகாசம் வேண்டும் என்றார். பயத்தோடு போன நான் பயத்தோடுதான் திரும்பினேன். ஆனாலும் யாரோ ஒருவர் எங்களுக்காக உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு கூடவே வந்தது. பிள்ளை, நீயும் பல பேரிடம் தெரியாது என்று சொல்ல வேண்டி வரும். சொல்லு, வெட்கப்படாதே. சொல்லும்போது ஒரு ஸ்டூலை இழுத்துப் போடு.

நான் போய்வந்ததைச் சொன்னதும் அம்மா தானும் போகவேண்டும் என்று அடம்பிடித்தாள். நடக்க ஏலாதவளை என் தோளில் சாய்த்துக் கூட்டிப் போனேன். டொக்டர் திலகவதி திகைத்துப்போனார். அவருடைய அறைக்கு உயிரோடு ஒரு நோயாளி வந்ததேயில்லையாம். தன்னைப் பிடித்திருப்பதைப் பார்க்கலாமா என்று அம்மா கேட்டாள். அவர் சற்று யோசித்துவிட்டு, நுணுக்குக்காட்டியை அவளுடைய கண்ணுக்கு ஏற்றபடி திருத்திக் கொடுத்தார். அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். என்ன தெரிகிறது என்று கேட்டபோது, சின்னச் சின்னக் குழாய்களும், ஓரத்தில் பூத்தையல்போல வரிசை வரிசையாகப் புள்ளிகளும் என்றாள். பிறகு மெல்ல, "என்னைக் கொல்ல வந்ததெண்டாலும் வடிவாத்தான் கிடக்கு," என்றாள். டொக்டர் திலகவதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் சிநேகிதம்.

அடுத்த கிழமைகளில் அவர் செய்ததை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன், பிழை இருந்தால் நீ திருத்திக்கொள். சாதாரணப் புற்றில் சளிபோன்ற ஒன்று ஊறும், அதைக் காட்டும் சாயம் இதில் பிடிக்கவில்லை. வேறொரு நீலச் சாயம் பிடித்தது. ஆனால் ஒரு மருந்தில் ஊறவைத்த பிறகு போட்டால் அந்த நீலம் மறைந்துபோயிற்று. மறைந்ததுதான் முக்கியம் என்றார். உடம்புக்குள் உறுப்புகளைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வின் கலங்கள்தான் அப்படி நடந்துகொள்ளுமாம். அந்தச் சவ்வில் எழும் கட்டிக்கு மீசோதீலியோமா என்று பெயர். நெஞ்சறையின் போர்வையிலும் வயிற்றறையின் போர்வையிலும் அது வருவதை அவர் வாசித்திருந்தார். ஈரலின் சதைக்குள்ளே போய் அது எப்படி முளைத்தது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. அம்மாவின் கட்டிலில் வந்து இருந்து, எங்கே வேலை செய்தீர்கள், என்ன தூசு பட்டது, இந்த நோயைக் கொண்டுவரும் அஸ்பெஸ்டோஸ் கூரைக்குக் கீழே இருந்தீர்களா என்று துருவித் துருவிக் கேட்டார். எங்கள் வீடு ஓலையால் வேய்ந்தது, பள்ளிக்கூடம் ஓட்டுக் கூரை, பட்டதெல்லாம் துணித் தும்பும் வாழைப் பாலின் கயரும்தான் என்றாள் அம்மா.

கண்ணாடித் தட்டுகளைக் கொழும்புக்கு அனுப்பினார். இது பரவிய புற்றுத்தான், சந்தேகத்துக்கு இடமில்லை என்று அங்கிருந்து பதில் வந்தது. எழுதியவர் இவருக்குப் படிப்பித்தவர். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பதிலை அப்படியே எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். ஒருவரும் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். இவர் வைக்கவில்லை. லண்டனுக்கும் ஒரு பொதி அனுப்பினார். அங்கிருந்து வந்த பதில் இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம் என்றது. இதற்குள் அம்மா பாதியாகிவிட்டாள். பெரிய டொக்டரும் பொறுமை இழந்துவிட்டார். ஒருநாள் காலை வாட்டில், எங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, அவரும் டொக்டர் திலகவதியும் கதைத்துக்கொண்டார்கள். குரல் உயரவில்லை, ஆனால் வாட்டுத் தாதிமாரான மிஸிமார் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள்.

"புத்தகத்திலை இல்லாத வருத்தத்துக்கு நான் எப்பிடி ஈரலை வெட்டுறது?" என்றார் பெரிய டொக்டர்.

"புத்தகத்திலை இல்லாட்டியும் இவவின்ரை வயித்திலை இருக்கு, சேர்," என்றார் டொக்டர் திலகவதி. "பரவி வந்ததெண்டா, எங்கையிருந்து வந்ததெண்டு காட்டுங்கோ. நெஞ்சைப் பார்த்தியள், இரைப்பையைப் படம் பிடிச்சியள், வயித்தைத் திறந்து கையாலை தடவியும் பார்த்தியள். ஒண்டும் இல்லை. இருக்கிறது இந்த ஒரு கட்டிதான். ஒரு கட்டிதானெண்டா அதை எடுக்கலாம்."

"நீங்கள் பிழையெண்டா?"

"நான் பிழையாயிருக்கலாம். அதையும் எழுதித்தாறன்."

பெரிய டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அடுத்த நாள் அவரே வந்தார். நான் இந்த மனிதரையும் மதிக்கிறேன், பிள்ளை. அவர் வயதில், அவர் பெயருக்கு, எல்லார் முன்னாலும் தான் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்வது இலேசான காரியம் அல்ல. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, ஈரலை வெட்டினால் இரத்தப் பெருக்கை நிறுத்த முடியாமற் போகலாம், மேசையிலேயே உயிர் போகலாம் என்று சொன்னார். வெட்டாவிட்டால் எவ்வளவு காலம் என்று அம்மா கேட்டாள். சொல்ல முடியாது, கன காலம் இல்லை என்றார். வெட்டினால் எவ்வளவு காலம் என்று கேட்டாள். அதுவும் சொல்ல முடியாது என்றார்.

"அப்ப வெட்டுங்கோ," என்றாள் அம்மா. "சும்மா படுத்திருந்து சாக எனக்கு நேரமில்லை. பிள்ளைக்குத் தைக்கச் சட்டை கிடக்கு."

இரத்தம் நிறைய வேண்டும் என்றார்கள். நான் கோப்பாய்ச் சந்தியில் இரண்டு பேரிடம் சொன்னேன், அவ்வளவுதான். அடுத்த காலை நீர்வேலியிலிருந்து வாழைக்குலை ஏற்றும் லொறி குலைகளை இறக்கிவிட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தது. பின்னால் சைக்கிள்கள். எனக்குத் தண்ணீர் முறையில் சண்டைபிடிக்கும் பக்கத்துத் தோட்டக்காரனும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றான். வரிசையில் முதல் ஆளாக நின்றவர் யார் தெரியுமா? உன் மாமா. கோழி அறுத்தாலே முகத்தைத் திருப்புகிற மனிதர். ஊசி ஏறியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தேவாரம் முணுமுணுத்தார். உன் படிப்பைப்பற்றி அவர் என்ன சொன்னாலும் இதை மறந்துவிடாதே. உன் அம்மாவின் உடம்பில் அவருடைய இரத்தம், கூடப்பிறந்ததாலும் கொடுத்ததாலும், இரண்டு வழியாலும் ஓடுகிறது.

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். மத்தியானம் திரும்பும்வரை நாங்கள் மரத்தடியில் இருந்தோம். டொக்டர் திலகவதி மட்டும் சத்திரசிகிச்சை அறை வாசலில், கையில் ஒரு வெள்ளைப் பீங்கான் பாத்திரத்தோடு நின்றுகொண்டேயிருந்தார். இருக்கச் சொல்லி மிஸி கதிரை கொண்டுவந்து வைத்தும் இருக்கவில்லை. கதவு திறந்து, வெட்டியெடுத்த கட்டியை ஒரு மிஸி அவருடைய பாத்திரத்தில் வைத்தபோது, பிறந்த பிள்ளையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தன் அறைக்கு நடந்தார். அதன் பிறகுதான் பெரிய டொக்டர் வெளியே வந்தார். இரத்தம் நின்றுவிட்டது, மூச்சு ஒழுங்காக இருக்கிறது என்றார். மாமா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, லொறியில் வந்தவர்களிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அம்மா எழுந்து கஞ்சி குடிக்கத் தொடங்கிய பிறகு டொக்டர் திலகவதி வந்து கட்டில் ஓரத்தில் இருந்தார். கட்டியை முழுவதும் துண்டு துண்டாகப் பார்த்துவிட்டார். "நுங்கைச் சுத்தி ஒரு மெல்லிய தோல் இருக்கெல்லே," என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினார். "அந்தத் தோல் வெளியிலை ஒரு பிழையுமில்லாமல் அப்பிடியே கிடக்க, நுங்குக்கு நடுவிலை அதே தோல் கட்டியா வளர்ந்து கிடந்தா எப்பிடி? உங்கடை ஈரலிலை கண்டது அதுதான்." அப்படியானால் அது அங்கேயே பிறந்ததா என்று அம்மா கேட்டாள். "அப்பிடித்தான் நான் நம்பிறன். ஆனா நிச்சயமெண்டு எழுதமாட்டன். உடம்புக்குள்ளை வேறெங்கையும் ஒரு சின்னத் துண்டு ஒளிச்சிருந்து, அதிலையிருந்து வந்திருந்தா? ஆள் உயிரோடை இருக்கேக்கை உடம்பை முழுக்கத் திறந்து பார்க்க ஏலாது," என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "என்னைக் கன காலம் காக்க வையுங்கோ," என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். தையல் நோகிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அவருடைய அறிக்கையை நான் பார்த்தேன். ஈரலுக்குள் எழுந்த மீசோதீலியோமாவாக இருக்கலாம் என்றுதான் இருந்தது. அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லுக்காக அவரைச் சிலர் கேலி செய்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். இத்தனை மாதம் இழுத்தடித்து, கடைசியில் இருக்கலாமா என்று கேட்டார்களாம். என் வாழ்க்கையில் அதைவிடத் தைரியமான சொல்லை நான் வாசித்ததில்லை. சந்தேகமில்லை என்று ஒருவர் எழுதியிருந்ததை நம்பியிருந்தால் உன் அம்மா அந்த வருடமே போயிருப்பாள். நீ இணுவிலிலேயே வளர்ந்திருப்பாய். நீ உட்காரப்போகும் மேசைக்கு நோயாளியின் முகம் வராது, அழுகை வராது, நன்றி சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள். ஒரு கண்ணாடித் தட்டும் ஒரு இலக்கமும்தான் வரும். அந்த இலக்கத்துக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்பதை டொக்டர் திலகவதி எப்போதும் அறிந்திருந்தார். பொருந்தாத ஒன்றைப் பொருந்துகிறது என்று எழுதத் தோன்றும் நாளில் அவரை நினைத்துக்கொள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அம்மா உனக்குச் சட்டை தைத்தாள், உன் பள்ளிக்கூடப் பரிசளிப்புக்கு வந்தாள், நீ பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது ரயிலடியில் என்னைவிட நேராக நின்றாள். வருடா வருடம் டொக்டர் திலகவதியிடம் போய்க் காட்டினாள். அவர் தெற்கே மாற்றலாகிப் போன பிறகும், நீர்வேலிக் கதலிப்பழச் சீப்பு ஒன்றைத் தெரிந்தவர்கள் கையில் கொடுத்தனுப்புவாள். இப்போது அவர் வேலையிலிருந்து இளைப்பாறிவிட்டார். கண் பார்வை மங்கி, நுணுக்குக்காட்டியைத் தொட முடியாமலிருக்கிறார் என்று போன மாதம் அறிந்தோம். அம்மா அன்று முழுக்கக் கலகலப்பில்லாமல் இருந்தாள்.

மாமா வந்துபோன பின்னேரம், வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றபோது, அவள் வரம்பில் வந்து நின்று என்னோடு ஒரு விசயம் கதைக்கவேண்டும் என்றாள். அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, பயப்படாதே. நன்றாகச் சாப்பிடுகிறாள், என்னைவிடக் கூட நடக்கிறாள். அவள் சொன்னது, தான் எப்போது எந்த வருத்தத்தால் செத்தாலும், எரிக்கக் கொண்டுபோகுமுன் தன் உடம்பைத் திறந்து முழுவதும் பார்க்க வேண்டும் என்பது. உன் கையால் அல்ல. அது பிள்ளைக்கு ஏலாது, கேட்கவும் கூடாது என்றாள். ஆனால் யாரிடம் கேட்பது, எதைத் தேடச் சொல்வது, எங்கே எழுதிப் பதிவது என்று உனக்குத் தெரிந்திருக்கும். அதை நீ நின்று செய்விக்க வேண்டும் என்றாள்.

நான் மண்வெட்டியைக் கீழே வைத்தேன். செத்த வீட்டில் சனம் என்ன சொல்லும், அவளுடைய அண்ணை விடுவாரா, எனக்கு அந்த நேரம் மனம் வருமா என்று எல்லாம் கேட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"திலகவதி டொக்டர் கையெழுத்து வைக்காமல் எனக்காகக் காத்திருந்தவ," என்றாள். "அவவின்ரை கேள்விக்குப் பதில் எனக்குள்ளை கிடக்கு. இனி ஆருக்கோ உந்த வருத்தம் வந்தா, அவையின்ரை டொக்டருக்குப் புத்தகத்திலை பார்க்க ஒண்டு இருக்கட்டும். பதிலைக் கொண்டுபோய் நெருப்பிலை போடாதேங்கோ."

நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். மாமாவுக்குத் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். இப்போது உன் பதிலுக்குத்தான் காத்திருக்கிறாள். நேற்றும் தபாற்காரன் வரும் நேரம் வாசற் படலைக்குப் போய் நின்றாள். இன்னும் இந்தக் கடிதமே போகவில்லையே என்றேன். அது தெரியும், நின்று பழகுகிறேன் என்றாள்.

உன் அப்பா